நாலு கம்பம்

மே மாசம் வண்டிக்கு எஃப்.சி. காட்டினோம்.
மஞ்சள் பெயிண்ட் புதுசு, ஒளிரும் ஸ்டிக்கர் புதுசு.
தீயணைப்பானில் தேதி பார்த்தார்கள்,
முதலுதவிப் பெட்டியைத் திறந்து
பஞ்சைக்கூட எண்ணினார்கள்.
இன்ஸ்பெக்டர் தானே ஏறி உட்கார்ந்து
பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார்.
ஓட்டுகிறவனை
யாரும் மிதித்துப் பார்க்கவில்லை.

ஆடி பிறந்து நாலாம் நாள்.
விருதம்பட்டில் கடைசிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு
பாலாற்றுப் பாலத்தில் ஏறினேன்.
ஏறினது தெரியும்.
எங்கேயோ ரப்பர் கருகுகிற வாடை.
அதற்குப் பிறகு
கியர் மாற்றினேனா, ஹாரன் அடித்தேனா,
எதிரே சித்தூர் பஸ் வந்ததா,
ஒன்றும் தெரியாது.
முன்சீட்டுத் தௌலத்தின் குரல்தான் அடுத்தது:
"டிரைவர் அண்ணா, என்ன மென்னுறீங்க?"
என் வாயில் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தே போய் எண்ணினேன்.
வாடை அடித்த இடத்துக்கும்
பிள்ளை கேட்ட இடத்துக்கும் நடுவே
நாலு விளக்குக் கம்பம்.
கீழே ஆறு. ஆறென்றால் மணல், கருவேல முள்,
ஓர் எருமை முழங்கால் நனைக்கிற பச்சைத் தண்ணீர்.
பிள்ளைகள் பதினேழு பேர்.
இந்த நாலு கம்பத்தை அவர்களோடு கடந்தவன் யார்?
அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா?

லைசென்ஸ் புதுப்பிக்கிற மாசமும் அதுதான்.
ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மன்னார்சாமி
படிவத்தை முன்னாலேயே நிரப்பி அடுக்கியிருந்தான்.
வலிப்பு, மயக்கம், திடீரென்று நினைவு தப்புதல் உண்டா?
இல்லை.
இரவில் கண் தெரிவதில் சிரமம் உண்டா?
இல்லை.
காது? இல்லை. கை கால்? இல்லை இல்லை.
அடியில் டாக்டர் முத்திரை.
அந்த டாக்டர் முகத்தை அவனும் பார்த்ததில்லை.
"முந்நூறு கொடுண்ணா, டீ நம்ம செலவு."

எங்கள் ஊரில் வலிப்பை ஃபிட்ஸ் என்பார்கள்.
தகுதி இருந்தால் ஃபிட்.
நடுவே இருப்பது ஒரே ஒரு 'ஸ்'.
அதை மன்னார்சாமி
முந்நூறு ரூபாய்க்கு அழித்துத் தருவான்.

வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.
பொய் சொல்லப் போவதில்லை, வைத்துக்கொண்டேன்.
இரண்டு நாள் வண்டியும் ஓட்டினேன்,
பாலம் வந்தால் உரக்கக் கம்பங்களை எண்ணியபடி.
பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துக் கூடவே எண்ணின.
வேர்வையில் முத்திரை ஊறி
சட்டைப் பையில் ஊதா வட்டம் இறங்கியது.
"என்ன கறை இது, போகவே மாட்டேங்குது"
என்றாள் அம்சவேணி, கையில் பிரஷ்ஷோடு.
சொல்லிவிட்டேன்.

குழாயை நிறுத்தினாள்.
"மாசத் தவணை ஏழாயிரத்து எண்ணூறு"
என்றாள் முதலில்.
ரொம்ப நேரம் கழித்து,
"அந்தத் தௌலத்து உட்கார்றது கதவோரமா, நடுவுலயா?"

ஆஸ்பத்திரியில்
தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள்.
என் மண்டைக்குள் ஓடுவதெல்லாம்
காகிதத்தில் மலைமலையாக ஏறி இறங்கியது.
டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர்.
மாத்திரை எழுதினார், தூக்கம் கெடக்கூடாது என்றார்.
"ஸ்கூல் வண்டி இனிமே வேணாங்க"
என்று சொல்லும்போது மட்டும்
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.
பைக்? என்றேன்.
அதுவும் இப்போதைக்கு இல்லை.
சைக்கிள்? என்றேன், கோபத்தில்தான்.
அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

புதுப் படிவம் வாங்கினேன். என் கையெழுத்து கோணல்.
முதல் கேள்விக்கு எதிரே 'ஆம்'.
கவுண்டரில் இருந்த அம்மா படித்துவிட்டு
தாளைத் திருப்பித் தள்ளினார்:
"தப்பா எழுதிட்டீங்க பாருங்க."
"இல்லம்மா, சரியாத்தான் இருக்குது."
அதை எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல்
பக்கத்து மேசையைப் பார்த்தார்.

ஸ்கூலில் சாவியைக் கொடுத்துவிட்டு
பாலத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.
இருட்டுகிற நேரம்.
நாலு கம்பத்தில் மூணாவது எரியவில்லை.
எட்டு வருஷம் இதே வழியில்தான் ஓட்டினேன்.
யாரிடம் சொல்ல வேண்டும் இதை என்று
நின்று யோசித்தேன்.
பின்னால் ஒரு லாரிக்காரன்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.